நிற்கும் உயரம்

பழைய காரை மீட்டெடுத்து முடித்ததும் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்க்கிறார்கள். அடுத்து பம்பரின் குரோமியம், இருக்கை உறையின் தையல், ஸ்டியரிங் நடுவிலிருக்கும் சின்னம். நான் பத்தடி பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டு பக்கமும் அது ஒத்திருக்கிறதா, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு தரைக்கு இணையாக இருக்கிறதா, மூக்கு தூக்கி நிற்கிறதா என்று பார்ப்பேன். லட்சக்கணக்கில் செலவழித்து எழுப்பிய வண்டிகள் இந்த ஓர் இடத்தில் கைவிடப்பட்டிருப்பதைக் காணும்போது மனம் சங்கடப்படுகிறது. எஞ்சினை இம்மி பிசகாமல் கட்டியவர், கதவு இடுக்குகளை மில்லிமீட்டர் கணக்கில் ஒழுங்கு செய்தவர், வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் போகிற போக்கில் விட்டிருப்பார்.

அப்படி நேர்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் வெளியே போனதும் பாரம் குறைந்து முன்பக்கம் எழும்பிக்கொள்ளும். மாதக்கணக்கில் வண்டி அப்படியே நிற்கும். அந்தக் கோலம் கண்ணுக்குப் பழகிவிடும். முன் சஸ்பென்ஷனைத் திரும்பப் பூட்டும் நாளில் பழைய அளவு எதுவும் கையில் இருக்காது. ஓடினால் தானாக உட்கார்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் நட்டை முறுக்கி முடித்துவிடுவார்கள்.

மோரிஸ் மைனரில் இது மறையாது. உருண்டை முதுகும் உருண்டை மட்கார்டும் கொண்ட அந்தச் சிறிய உடம்பில் நேர்கோடு குறைவு. வளைவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைவது வண்டி தன் மட்டத்தில் நிற்கும்போது மட்டுமே. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மிர்னாவில் பிறந்தவர். 1920களின் தொடக்கத்தில் போர் துரத்த இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். மைனரின் முன்மாதிரி வண்டி தயாரான பிறகு அது ஒல்லியாக இருப்பதாக அவருக்குப் பட்டது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் கண்ணுக்குச் சரி என்று படும்வரை நகர்த்தினார். 4 அங்குலம் விலகியதும் போதும் என்றார். பானட்டின் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த வண்டி அந்த அகலத்தோடுதான் வந்தது. அவ்வளவு நுட்பமாகக் கண்ணால் அளந்து செய்யப்பட்ட ஒன்றை முக்கால் அங்குலம் கோணலாக நிறுத்துவது அதற்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்றே நினைக்கிறேன்.

இசிகோனிஸ் 1936இல் மோரிஸ் கம்பெனிக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த வேலையே சஸ்பென்ஷன்தான். ஜாக் டேனியல்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சுருள்வில் முன் சஸ்பென்ஷன், போரால் தள்ளிப்போய் 1947இல் எம்ஜி ஒய் டைப் வண்டியில் வந்தது. மைனருக்கு அவர் சுருள்வில்லை விட்டு டார்ஷன் பாரை எடுத்துக்கொண்டார். அந்த யோசனைக்கு 1931இலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே காப்புரிமை கோரியிருந்தார்; 1934இல் வந்த சித்ரோயன் டிராக்ஷன் அவாண்ட் அதைத் தெருவில் ஓட்டிக் காட்டியது. பின்பக்கத்துக்கும் டார்ஷன் பார் வேண்டுமென்று இசிகோனிஸ் விரும்பினார். செலவு இடம் கொடுக்கவில்லை. பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய கமான் வந்தது.

டார்ஷன் பார் என்பது கெட்டியான எஃகுத் தண்டு. மைனரில் பக்கத்துக்கு ஒன்றாகத் தரைத்தகட்டுக்கு அடியில் முன்பின்னாகப் படுத்திருக்கும். முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் பாட்டம் ஆர்மில் பல்லுக்குப் பல் கோத்திருக்கும். பின்முனை ஒரு குட்டை லீவரில் அதேபோலக் கோத்திருக்க, அந்த லீவர் முன் இருக்கைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் ஆர்ம் சுழலும், தண்டின் முன்முனை அதோடு திரும்பும், பின்முனை அசையாது. அந்த முறுக்கத்தின் மேல்தான் வண்டியின் முன்பாதி முழுவதும் நிற்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லை. மட்கார்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் வில் எங்கே என்று கேட்பார்கள்.

உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ, பின்முனை லீவரை ஒரு பல் தள்ளிக் கோக்க வேண்டும். சொல்வது எளிது. இந்த இடத்தில்தான் பழைய கார் உலகில் நெடுநாளாக நிலவும் ஒரு தவறான எண்ணம் நுழைகிறது. லீவரை ஏற்றி வைத்தால் தண்டு இன்னும் முறுகும், சஸ்பென்ஷன் கெட்டியாகும், வண்டி பலமாகும் என்று நல்ல மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. ஒரு தண்டின் விறைப்பை நிர்ணயிப்பது அதன் நீளம், அதன் விட்டம், அது எந்த உலோகம் என்பது. விட்டம் நான்காம் அடுக்கில் கணக்காகும். பத்து சதவீதம் தடித்த தண்டு ஏறத்தாழ 46 சதவீதம் விறைப்பானது. லீவரைத் திருப்புவது இவற்றில் எதையும் தொடுவதில்லை. வண்டியின் எடை அதேதான், ஆகவே அந்த எடையைத் தாங்கத் தண்டு முறுகும் அளவும் ஏறத்தாழ அதேதான். தண்டு எங்கிருந்து முறுகத் தொடங்குகிறது என்பது மட்டும் மாறுகிறது. உயர்த்தி வைத்த மைனரும் தாழ்த்தி வைத்த மைனரும் ஒரே முறுக்கத்தோடுதான் நிற்கின்றன.

இது எனக்குப் பிடிபட்ட பிறகு அந்த லீவரைப் பார்க்கும் விதமே மாறிப்போனது. நின்ற நிலை என்பது பலமோ அழகோ அல்ல, ஒரு பங்கீடு. சக்கரத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர மொத்தம் இவ்வளவு தூரம் என்று ஓர் எல்லை இருக்கிறது. மேலே ரப்பர் தடுப்பு. கீழேயும் ஒரு தடுப்பு. அந்தத் தூரத்தில் மேட்டுக்கு எவ்வளவு, பள்ளத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதுதான் நிற்கும் உயரம். மூக்கை ஏற்றினால் மேட்டுக்கான பங்கு கூடும், பள்ளத்துக்கான பங்கு குறையும்.

நம் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றி வைக்கவே விரும்புகிறார்கள். வேகத்தடையில் அடி தட்டுகிறது, மழை வந்தால் தண்ணீர் நிற்கிறது, ஆகவே இரண்டு பல் ஏற்றிவிடு என்பார்கள். எல்லா வேகத்தடையும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை; அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். குழி வந்ததும் சக்கரம் அதற்குள் இறங்கித் தரையைத் தொட வேண்டும். ஏற்றி வைத்த வண்டியில் சக்கரம் ஏற்கெனவே கீழ் எல்லைக்கு அருகில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இறங்க இடமில்லை. கீழ்த்தடுப்பில் ‘டக்’ என்று இடித்து நின்றுவிடும். சக்கரம் இறங்காத குழிக்குள் வண்டியே இறங்குகிறது. சாலையின் மேல் பழி போடப்படும் பல சத்தங்கள் இப்படி வருகிறவை. குழிகள் அதிகமான ஊரில் கீழே போகும் இடத்தைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய வண்டி தாழ்ந்துபோவதற்குக் காரணமும் பொதுவாக நினைக்கப்படுவது அல்ல. எஃகு வயதாகி மெலிந்து விறைப்பை இழப்பதில்லை. பல வருட பாரத்தில் தண்டு மிகச் சிறிதளவு நிரந்தரமாகத் திரும்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன் சுழியம் நகர்ந்திருக்கிறது. விறைப்பு அப்படியே இருக்கிறது. வலக்கை ஓட்டு வண்டிகளில் வலப்பக்கம் சற்றுக் கூடுதலாக இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். வருடக்கணக்கில் ஒற்றை ஆளாக ஓட்டியவரின் எடை அங்கே பதிந்திருக்கிறது. லீவரை ஒரு பல் தள்ளினால் அந்த நகர்ந்த சுழியத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம். தண்டையே மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

மாற்ற வேண்டிவரும் சமயம் வேறு. முறுகும் தண்டில் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அதன் மேற்பரப்பில். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே மேல்தோலில் ஒரு கீறல், ஒரு துருப்பள்ளம், உளியால் போட்ட ஓர் அடையாளம் போதும், விரிசல் அங்கிருந்து தொடங்க. கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று தெரிய உளியால் கோடு போடுவது நம் பட்டறைகளில் உள்ள வழக்கம். மற்ற எந்தப் பாகத்துக்கும் அது பொருந்தும்; டார்ஷன் பாரின் உடம்புக்கு மட்டும் கூடாது. பைப் ரெஞ்ச்சால் பிடித்துத் திருகுவதும் கூடாது. பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தால் போதும். இன்னொன்று, இடப்பக்கத் தண்டை வலப்பக்கம் மாட்டக்கூடாது. செய்யும் இடத்திலேயே இவற்றை வேலை செய்யப்போகும் திசையில் அளவுக்கு மேல் ஒருமுறை முறுக்கித் தளர்த்துவார்கள். அதனால் மேற்பரப்பில் ஓர் எதிர் அழுத்தம் தங்கி, பின்னால் வரும் பாரத்தைத் தாங்க உதவும். பக்கம் மாற்றினால் அந்த உதவியே எதிரியாகிவிடும். தண்டு சீக்கிரம் தொய்யும், முறியவும் கூடும். மீட்டெடுக்கும்போது எல்லாப் பாகங்களையும் ஒரே டப்பாவில் போட்டுக் கழுவுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் நண்பர் ஒருவரின் மைனருக்கு உயரம் வைத்தபோது நானும் உடனிருந்தேன். மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். வேலையை அவர் டார்ஷன் பாரில் தொடங்கவில்லை. முதலில் தரையைப் பார்த்தார். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களில் மட்டம் பிடித்து, தாழ்ந்த இடத்தில் தகடு வைத்தார். டயர்களின் காற்றைச் சமமாக்கினார். பெட்ரோல் டேங்க் பின்னால் இருப்பதால் அது பாதி நிரம்பியிருக்க வேண்டும் என்றார். பிறகு மணல் மூட்டையை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார்.

“ஏனுங்ண்ணா, வெறும் வண்டியில வெச்சாப் போதாதுங்களா?” என்று நண்பர் கேட்டார்.

“வெறும் வண்டி ரோட்டுல போகாதுங்களே. ஆள் உக்காந்து போறதுக்குத்தான வண்டி? அதுக்குத்தான் மட்டம் பாக்கோணும்.”

அடுத்து அவர் படுத்துக்கொண்டு டிரன்னியனை ஆட்டிப் பார்த்தார். மைனரின் பலவீனம் அங்கே இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின் மேலும் கீழும் டிரன்னியனின் மரையில் திருகி நிற்கிறது. கிரீஸ் காட்டாமல் விட்டால் கீழ் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி விழும். தேய்ந்த மரையின் மேல் உயரம் வைப்பதில் பொருளில்லை. மேலே உள்ள ஆர்ம் மைனரில் தனி ஆர்ம் அல்ல, ஜம்பரின் லீவரே அதுதான். அதன் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வு நிலைகொள்ளாது. ஜம்பர் எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஆனாலும் வண்டி தாழ்ந்தால் முதலில் ஜம்பரை மாற்றச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அளவு எடுக்கும்போது தரையிலிருந்து எடுக்காமல், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை எடுத்தார். இது எனக்கு மிகவும் பிடித்தது. மைனருக்கு உரிய 5.20-14 அளவு டயர் இப்போது எல்லாரிடமும் இல்லை. கிடைத்த ரேடியலைப் போட்டு ஓட்டுகிறார்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் வித்தியாசமும் கணக்கில் சேர்ந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் சஸ்பென்ஷன் எங்கே நிற்கிறது என்பது மட்டும் கிடைக்கும்.

வலது முன்பக்கம் குறைவாக இருந்தது. உடனே அதை ஏற்றிவிடலாமே என்று எங்களுக்குத் தோன்றியது. அவர் பின்னால் போய்க் கமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலது முன்னால ஏத்துனா இடது பின்னால பாரம் ஏறுமுங்க. நாலு மூலையும் ஒண்ணாப் பாக்கோணும்.”

நான்கு கால் பெஞ்சில் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். உயர்த்திய காலும் அதற்குக் குறுக்கே எதிரில் இருக்கும் காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும்; மற்ற இரண்டும் இலேசாகும். முன்னால் தெரியும் கோணல் பின்னால் தளர்ந்த ஒரு கமானிலிருந்து வந்திருக்கலாம். அதைப் பாராமல் முன்பக்கத்தை மட்டும் நேராக்கினால் கண்ணுக்கு மட்டம் கிடைக்கும், ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இலேசான சக்கரம் சீக்கிரம் சறுக்கும். அந்த வண்டியில் இடது பின் கமானின் ஷாக்கிள் புஷ் நைந்திருந்தது. அதை மாற்றிய பிறகுதான் லீவருக்குப் போனார்.

லீவர் வேலை ஆபத்தானது. சக்கரம் தொங்கினாலும் தண்டில் முறுக்கம் மிச்சம் இருக்கும். பாட்டம் ஆர்மை ஜாக்கியில் ஏந்தி, மேல் இணைப்பைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினால்தான் தண்டு முழுதாகத் தளரும். அதற்குப் பிறகே பின் லீவரின் போல்ட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது ரப்பர் புஷ்களின் நட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக்கூடாது. வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி இறுக்கம். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொண்டு, கீழே இறக்கியதும் நிரந்தரமாக முறுகியே கிடந்து கிழியும். உயரத்தையும் பொய்யாகக் காட்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தால் அதுவும் பொய். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கியே வைத்திருக்கும். சில அடி முன்னும் பின்னும் தள்ளி, பம்பரை அமுக்கி விட்டபிறகு கிடைக்கும் அளவே அளவு.

மூக்கு இரண்டு சென்டிமீட்டர் மாறினால் என்ன என்று கேட்கலாம். மைனரின் முன் பின் சக்கர இடைவெளி 86 அங்குலம். முன்பக்கம் மட்டும் 2 செ.மீ. ஏறினால் உடம்பு முழுவதும் ஏறத்தாழ அரை டிகிரி பின்னால் சாயும். மைனருக்கு விதித்த காஸ்டர் கோணமே, அதாவது ஸ்விவல் பின்னின் பின்சாய்வே, 3 டிகிரிதான். ஸ்டியரிங் கனக்கத் தொடங்கும். பின்பக்கம் கூடுதல் பட்டை போட்டு உயர்த்தினால் இதற்கு நேர்மாறு. காஸ்டர் குறைந்து, நேர்ச்சாலையில் வண்டி அலைபாயும். உயரம் மாறினால் டோ-இன் அளவும், அதாவது முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவும், மாறும். மைனருக்கு அது 3/32 அங்குலம். ஆகவே உயரத்துக்குப் பிறகுதான் அலைன்மென்ட். முதலில் அலைன்மென்ட் செய்துவிட்டுப் பிறகு உயரத்தைத் தொடுகிறவர்கள் கொடுத்த காசை வீணாக்குகிறார்கள். ஹெட்லைட்டும் அப்படியே.

உயரம் வேறு, மிருது வேறு. முன்பக்கம் பின்பக்கத்தைவிட மிருதுவாக இருக்க வேண்டும் என்பதை முறையாகக் கண்டவர் மோரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குப் போன பொறியாளர். 1930களின் தொடக்கத்தில் எடைகளை இடம் மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரு சோதனை வண்டியில் ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். மேட்டை முன்சக்கரம் முதலில் சந்திக்கிறது, பின்சக்கரம் சற்றுத் தாமதமாக. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் அந்தத் தாமதத்தை ஈடுகட்டி முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும், வண்டி தலையாட்டாது. நின்ற நிலையில் வில் 25 செ.மீ. அமுங்கியிருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 ஆட்டம், 16 செ.மீ. என்றால் 75; 10 செ.மீ. என்றால் 95. லீவரை எந்தப் பல்லில் வைத்தாலும் இந்தக் கணக்கு அநேகமாக மாறுவதில்லை. ஆனால் பின்னால் ஒரு பட்டை கூட்டினாலோ முன்னால் தடித்த தண்டைப் போட்டாலோ முன்னும் பின்னும் இருந்த இசைவு போய்விடும்.

இதெல்லாம் மைனரோடு நிற்பதல்ல. இசிகோனிஸின் பொறுப்பில் அதே 1948இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் முன்னால் டார்ஷன் பார்தான். அந்த ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை, வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் அம்பாசடர் ஆனது. 2014 வரை அங்கே தயாரானது. மைனரையும் 1950களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பேபி ஹிந்துஸ்தான் என்று விற்றது. நம் ஊரில் இந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருப்பதற்கு அம்பாசடர்தான் காரணம். டாக்ஸி ஸ்டாண்டை ஒட்டிய மரத்தடிகளில் டார்ஷன் பார் ஏற்றக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த வேலையைப் படிக்க ஆள் வரவில்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். இலங்கையில் மைனர் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. 1977 வரை இறக்குமதி நெருக்கடி இருந்ததால் இருக்கும் வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது.

எந்த உயரத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. கம்பெனி விளம்பரப் படத்தில் நிற்பது புது வண்டி, ஆளில்லாத வண்டி, தண்டு இன்னும் படியாத வண்டி. புதுத் தண்டைப் பூட்டுகிறவர் சற்று உயர்த்தியே வைக்க வேண்டும், ஓடி ஓடி இறங்கும் என்பதால். அப்படியானால் அசல் உயரம் என்பது வெளிவந்த நாளின் உயரமா, சில ஆயிரம் மைல் ஓடிப் படிந்த பிறகு வந்த உயரமா? நான் இரண்டாவதையே அசல் என்பேன். வடிவமைத்தவர் கணக்கில் வைத்தது அதைத்தான். அந்த வண்டி தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்ததும் அங்கேதான்.

மீட்டெடுப்பில் ஈடுபடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெயிண்டின் எண்ணைக் குறித்து வைக்கிறீர்கள், எஞ்சின் எண்ணைக் குறித்து வைக்கிறீர்கள். வண்டியைக் கழற்றத் தொடங்கும் முன், எஞ்சினை இறக்கும் முன், நான்கு மூலைகளிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதுங்கள். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, ஓட்டுநர் இடத்தில் எடை வைத்தீர்களா, எந்த டயர் போட்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லீவர் எந்தப் பல்லில் இருந்தது என்பதைப் பெயிண்டால் குறித்துப் படம் எடுங்கள். வேலை முடிந்து, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே நான்கு இடங்களில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதி, அந்தத் தாளை வண்டியின் ஆவணங்களோடு வையுங்கள். அடுத்த முறை அந்த வண்டியைத் தூக்கப்போகிறவர் பெரும்பாலும் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.